எடி வான் ஹேலனுக்கு முப்பதாம் நாள் அஞ்சலி: 'எரப்ஷன்' வாசிக்க என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

கீழ்ஸ்தாயி | அக்டோபர் 9, 2020

வான் ஹேலன் ராக் குழுவின் கிட்டார்காரர் எடி போய்விட்டார். 6ஆம் தேதி சாண்டா மோனிகாவில் உயிர் பிரிந்தது. நம் ஊரில் செய்தி வந்து சேர்ந்தபோது 7ஆம் தேதி ஆகிவிட்டது. மகன் வொல்ஃப்கேங் எழுதிய நாலு வரியைப் படித்த பிறகும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. 65 எல்லாம் போகிற வயசா?

முப்பதாம் நாளில், நவம்பர் முதல் வாரத்தில், எங்கள் கிட்டார் குழுவில் ஓர் அஞ்சலி வைக்கிறோம். கொரோனாவால் ஒரே இடத்தில் கூட வழியில்லை, அவரவர் வீட்டிலிருந்து ஜூமில்தான். அவர் குழுவின் முதல் ஆல்பத்தில் வரும் தனிக் கிட்டார் துண்டு 'எரப்ஷன்' என் பொறுப்பு. ஏனோதானோ என்று வாசித்து அவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

இருப்பது இவ்வளவு: மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) உள்ள ஸ்ட்ராட் வகை கிட்டார், சாதாரண ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ (பாரை அழுத்தினால் சுருதி இறங்கும் ப்ரிட்ஜ்), 15 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப். 100 வாட் ட்யூப் (வால்வு) ஆம்ப் ஒன்றும், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஒரு டிம்மர்ஸ்டாட்டும் இரவல் கிடைக்கும்.

1. எடி ஆம்புக்கு 140 வோல்ட் ஏற்றினார் என்று ஒரு இடத்திலும், 90 வோல்ட்டுக்கு இறக்கினார் என்று இன்னொரு இடத்திலும் போட்டிருக்கிறது. எது சரி? நம் 230 வோல்ட்டில் அது எவ்வளவு?
2. டேப்பிங் பகுதி (வலது விரலால் ஃப்ரெட்டில் தட்டி வாசிப்பது) வேகம் எடுத்தாலே கொழகொழவென்று ஆகிறது. என்ன செய்வது?
3. கிட்டாரில் கட்டாயம் மாற்ற வேண்டியது எது?

---

வால்வு_மணி | அக்டோபர் 9, 2020

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

இறக்கினார் என்பதுதான் சரி. ஆரம்ப காலப் பேட்டிகளில் 140க்கு ஏற்றுவதாக அவரே சொல்லி வைத்தார். அதை நம்பி ஏற்றியவர்களின் ஆம்ப் புகைந்தது. 117 வோல்ட்டுக்குக் கட்டிய மார்ஷல் ஆம்பில் 140 கொடுத்தால் உள்ளே எல்லா மின்னழுத்தமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஈ.எல்.34 ட்யூப்களின் தகடு சிவக்கும், ஃபில்டர் கெபாசிட்டர்கள் தாங்கும் எல்லையைத் தாண்டும், கடைசியில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியும். நம் ஊர்க் கணக்கில் அது 275 வோல்ட். டிம்மர்ஸ்டாட்டுகள் பெரும்பாலும் 0 முதல் 270 வரை போகும் என்பதால் கைதவறி அங்கே போய் நிற்பது மிகச் சுலபம். டயலில் 200க்கு மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சூடேற்றும்போது மட்டும் எடுங்கள்.

அவர் ஓட்டியது சுமார் 89 வோல்ட்டில். 100 வாட் மார்ஷல் சூப்பர் லீட், பேஸ், மிடில், ட்ரெபிள், ப்ரெசென்ஸ், வால்யூம் அத்தனையும் 10இல். அந்த யோசனை வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது: ஐரோப்பாவுக்காக 220 வோல்ட்டில் கட்டிய ஒரு மார்ஷலை அமெரிக்காவின் 110இல் மாட்டினார். சத்தம் மிகக் குறைவு, ஆனால் ஆம்ப் முழுக்கத் திறந்தபோது வரும் அதே குணம். அதிலிருந்துதான் மின்னழுத்தத்தையே ஒரு வால்யூம் போலத் திருப்பலாம் என்று பிடித்தார்.

நம் கணக்கு: 89ஐ 117 அல்லது 120ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.75. 230இல் முக்கால் பங்கு 170 முதல் 175 வோல்ட். டயலை நம்பாமல் மல்டிமீட்டரை ஏசி 750 ரேஞ்சில் வைத்து அவுட்புட்டில் அளந்து பாருங்கள்.

முதலில் ஸ்பீக்கர். கேபினட் கேபிள் மாட்டாமல் ட்யூப் ஆம்பை ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. ஆம்பின் ஓம் செலக்டரும் கேபினட்டின் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு டிம்மர்ஸ்டாட்டை 230இல் வைத்து, ஸ்டாண்ட்பையில் இரண்டு நிமிடம் ட்யூப்களைச் சூடேற்றுங்கள். அதன்பின் 170க்கு இறக்கி ஸ்டாண்ட்பையிலிருந்து எடுங்கள். வாசித்து முடித்ததும் ஸ்டாண்ட்பை, பிறகு பவர் ஆஃப். 4 ஆம்பியர் டிம்மர்ஸ்டாட் இதற்குத் தாராளம்.

இதில் கெட்டுப்போவது எங்கே என்றால், ட்யூபின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். மின்னழுத்தத்தை முக்கால் ஆக்கினால் அதுவும் 4.7க்கு இறங்கும். குளிர்ந்த கேத்தோடிலிருந்து மின்னோட்டத்தை இழுத்தால் ட்யூபின் ஆயுள் குறையும். எடிக்கு ட்யூப் மாற்றிக்கொண்டே இருக்க முடிந்தது, இரவல் வாங்கும் நமக்கு முடியாது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, 170இல் ஓடும்போது சத்தம் மெலிகிறதே என்று யாராவது பயாஸைத் (ட்யூபில் சும்மா ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பை) திருப்பிச் சூடாக்கினால், அடுத்த முறை மறந்து 230இல் போட்டதும் ட்யூப்கள் சிவந்துவிடும். பயாஸில் கை வைக்காதீர்கள்.

டிம்மர்ஸ்டாட் ஒரு ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர். லைனையும் அவுட்புட்டையும் அது பிரிக்காது, அதனால் ஷாக்கிலிருந்து காப்பாற்றவும் செய்யாது. மூன்று பின் ப்ளக்கின் எர்த் கம்பி ஆம்ப் வரை தொடர்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். லேபில் கிடப்பவற்றில் பலதில் எர்த் இருக்காது. எர்த் இல்லாததென்றால் அந்த டிம்மர்ஸ்டாட்டை விட்டுவிடுங்கள். மின்விசிறி ரெகுலேட்டரோ விளக்கு டிம்மரோ இதற்கு மாற்று ஆகவே ஆகாது. அவை அலையை வெட்டிக் கொடுப்பவை, ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும். ஆம்பைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்: ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். 170க்கு இறக்கினாலும் 100 வாட் ஆம்ப் 55 வாட் அளவு கொடுக்கும். மின்னழுத்தம் 0.75 என்றால் சக்தி 0.56. காதுக்கு அது வெறும் 2.5 டெசிபல் குறைவு. அடுக்குமாடி வீட்டில் அந்தச் சத்தத்தில் வாசிக்க முடியாது. 170 வோல்ட்டில் குணம் மாறும், சத்தம் அடங்காது. உங்கள் நிலையில் நான் செய்யச் சொல்வது: ட்யூப் ஆம்பை விடுங்கள், கம்ப்யூட்டரில் ஓர் ஆம்ப் சிமுலேட்டர், அதில் 'ப்ளெக்ஸி' (பழைய மார்ஷல் ஆம்பின் செல்லப்பெயர்) மாடல். 15 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்பை டிம்மர்ஸ்டாட்டில் மாட்டவே வேண்டாம், ஒரு பயனும் கிடையாது.

---

ஆறாம்ஸ்ட்ரிங் | அக்டோபர் 10, 2020

மணி அண்ணன் சொன்ன ப்ளெக்ஸி மாடலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் டேப்பிங் கொழகொழப்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான். எல்லாரும் கெயினை ஏற்றி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பதிவைக் காது கொடுத்துக் கேளுங்கள், இன்றைய மெட்டல் சத்தத்தில் பாதி அளவு டிஸ்டார்ஷன்கூட இல்லை. பிக் ஸ்ட்ரிங்கில் படும் 'டக்' தனியாகக் கேட்கிறது. சிமுலேட்டரில் கெயினை ஆறுக்கு இறக்கி, அந்த 'டக்' கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். மிடில் நிறைய வேண்டும். அதைக் குறைத்து பேஸ் ஏற்றினால் எடி அங்கே இல்லை.

அந்தப் பதிவில் கிட்டார் இடது பக்கம், எதிரொலி வலது பக்கம். இடது காது ஹெட்ஃபோனை மட்டும் வைத்துக் கேட்டால் கிட்டத்தட்ட எதிரொலியே இல்லாத கிட்டார் தனியாகக் கிடைக்கும். ஒவ்வொரு நுணுக்கத்தையும் அதில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 1 நிமிடம் 42 நொடிதான் மொத்தமே.

சுருதி: ஆறு ஸ்ட்ரிங்கும் அரை சுருதி கீழே. ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட். ஸ்ட்ரிங் 9 கேஜ். இறக்கிய சுருதியில் 9 மிகவும் மென்மையாகிவிடும்; இடது கை அழுத்தினால் சுருதி ஏறும், அதனால் லேசாகப் பிடியுங்கள்.

டேப்பிங் பகுதியின் முதல் உருவம் இரண்டாம் ஸ்ட்ரிங்கில். ஆட்காட்டி விரல் 2ஆம் ஃப்ரெட்டில் நிலையாக. வலது ஆட்காட்டி 9இல் தட்டி, இழுத்துவிட்டு 2 ஒலிக்கும், உடனே இடது சுண்டுவிரல் 5இல் சுத்தியலாக இறங்கும். 9, 2, 5. அடுத்து தட்டும் இடம் மட்டும் 10க்குப் போகும், 2ம் 5ம் அப்படியே. முதலாவது சி ஷார்ப் மைனர், இரண்டாவது ஏ மேஜர். அரை சுருதி கீழே இருப்பதால் காதில் விழுவது சி மைனரும் ஏ ஃப்ளாட்டும். ஒரே ஒரு விரல் ஒரே ஒரு ஃப்ரெட் நகர்ந்து கார்டையே மாற்றுகிறது. எடியின் இந்தச் சிக்கனம்தான் இந்தப் பகுதியின் உயிர்.

தாளம் திஸ்ரம். வாயால் 'தகிட தகிட' சொல்லிக்கொண்டு, 'த' ஒவ்வொன்றும் வலது விரலில் விழுகிறதா என்று பாருங்கள். மெட்ரோனோம் 60, ஒரு தட்டுக்கு ஒரு தகிட. மூன்று ஸ்வரமும் ஒரே பலத்தில் வரும்வரை 60ஐ விட்டு நகர வேண்டாம். பிறகு 4, 4 ஆக ஏற்றுங்கள். 90க்கு வந்ததும் மறுபடி 45இல் ஒரு தட்டுக்கு இரண்டு தகிட. வேகம் அதே, ஆனால் கை பதறாது.

எங்கே பிசகும் என்றும் சொல்கிறேன். தட்டிய விரலை நேராக மேலே தூக்கினால் 2ஆம் ஃப்ரெட் ஊமையாகிவிடும். விரல் போகிறபோது ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் பக்கவாட்டில், தரையை நோக்கி, கொக்கி போட்டுச் சுண்ட வேண்டும். தட்டும் இடம் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும், நடுவில் தட்டினால் சடசடக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை மற்ற ஐந்து ஸ்ட்ரிங்கும் கூடவே பாடுவது. வலது உள்ளங்கையின் அடிப்பாகம் மூன்றாம் ஸ்ட்ரிங் முதல் ஆறாம் ஸ்ட்ரிங் வரை படிய வேண்டும். முதல் ஸ்ட்ரிங்கை இடது ஆட்காட்டியின் அடிப்பகுதி தொட்டு அடக்க வேண்டும். பழகும் நாட்களில் நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் படியும் பட்டை) பக்கத்தில் ஒரு துணி ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொள்ளலாம்.

பிக்கை எங்கே வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். எடி பிக்கைப் பிடித்ததே கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், அதனால் ஆட்காட்டி எப்போதும் சும்மா இருந்தது. பழக்கம் வேறு என்றால் நாலு வாரத்தில் மாற்ற வேண்டாம், பிக்கை நடுவிரல் மடிப்பில் ஒளித்துக்கொள்ளுங்கள்.

டேப்பிங்குக்கு முன்னால் வரும் அந்த மின்னல் வேகப் பிக்கிங்கை மறந்துவிடாதீர்கள். அதில் ஓர் இடம் க்ரொய்ட்ஸரின் வயலின் பயிற்சிப் பாடம் 2இலிருந்து எடுத்தது. சின்ன வயசில் பியானோ படித்த பிள்ளை அல்லவா. மணிக்கட்டை வளைத்து, கை எங்கும் ஊன்றாமல் அந்தரத்தில் நின்று அடிப்பார். உள்ளங்கையை ப்ரிட்ஜில் ஊன்றினால் அந்த வேகமும் வராது, அந்தத் திறந்த ஓசையும் வராது.

---

கீழ்ஸ்தாயி | அக்டோபர் 10, 2020

மணி அண்ணா, ஆறாம்ஸ்ட்ரிங் அக்கா, கோடி நன்றி. ட்யூப் ஆம்ப் யோசனையை விட்டுவிட்டேன், சிமுலேட்டர்தான். கொக்கி போட்டுச் சுண்டியதும் 2ஆம் ஃப்ரெட் பேசத் தொடங்கிவிட்டது.

ட்ரெமோலோ பாரைத் தொட்டாலே சுருதி கலைகிறது. ஸ்ட்ரிங்கைப் பூட்டிப் பிடிக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமோலோ வாங்கிப் போடலாமா? சிங்கிள் காயிலுக்குப் பதில் ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) போட வேண்டுமா? ஒரு பழைய ஹம்பக்கர் கிடைத்திருக்கிறது, ஆனால் சத்தம் ஏற்றினால் வீலென்று கத்துகிறது.

---

பணிமேசை | அக்டோபர் 11, 2020

ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டாம். 'எரப்ஷன்' பதிவானது 1977இல், சன்செட் சவுண்டில். அப்போது எடியின் கிட்டாரில் இருந்தது சாதாரண ஃபெண்டர் ட்ரெமோலோ, உங்களிடம் இருக்கும் அதே ஆறு ஸ்க்ரூ வகை. ஃப்ளாய்ட் ரோஸ் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. பூட்டு இல்லாமலே அவர் சுருதியைக் காப்பாற்றினார், அந்த வழியிலேயே நீங்களும் போகலாம்.

சுருதி கலைவது பெரும்பாலும் நட்டில். ஸ்ட்ரிங் தளர்ந்து திரும்பும்போது பள்ளத்தில் சிக்கி நிற்கிறது. எடி பித்தளை நட்டு போட்டு, பள்ளங்களில் எண்ணெய் விட்டார். உங்களுக்கு 2பி பென்சில் போதும். ஆறு பள்ளத்திலும் நன்றாகத் தேய்த்து கிராஃபைட்டை இறக்குங்கள். பாரை விடும்போது நட்டில் 'டிங்' என்று கேட்டால் அந்தப் பள்ளம் குறுகல் என்று அர்த்தம். 600 நம்பர் உப்புத்தாளை மடித்து, பக்கவாட்டில் மட்டும், அடியைத் தொடாமல் தேயுங்கள். அடியைத் தேய்த்தால் திறந்த ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் மோதும்.

ஹெட்ஸ்டாக்கில் ஸ்ட்ரிங்கைக் கீழே அமுக்கும் சின்னக் கொக்கியையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கழற்றினால் உரசல் குறையும். கழற்றிய பிறகு ஸ்ட்ரிங் நட்டிலிருந்து எகிறினால் மட்டும் மறுபடி போடுங்கள். ட்யூனிங் போஸ்டில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். புது ஸ்ட்ரிங் போட்டதும் ஒவ்வொன்றையும் 12ஆம் ஃப்ரெட் அருகே விரலால் ஒரு அங்குலம் தூக்கி இழுத்து, சுருதி சேர்த்து, சுருதி இறங்காத வரை திரும்பச் செய்யுங்கள். எடி ஸ்ட்ரிங்குகளை வெந்நீரில் கொதிக்க வைத்ததும் இந்த இழுவையை முன்கூட்டியே எடுத்துவிடத்தான்.

அரை சுருதி இறக்கினால் ஸ்ட்ரிங் இழுவை குறையும், பின்னால் உள்ள ஸ்ப்ரிங் வென்று ப்ரிட்ஜ் உடம்போடு படுத்துவிடும். பின்மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் இரும்புத் தகட்டின் இரண்டு நீள ஸ்க்ரூவையும் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ப்ரிட்ஜின் பின்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கியிருக்க வேண்டும். ஒரே மூச்சில் சரியாகாது, மூன்று நான்கு முறை மாறி மாறிச் செய்ய வேண்டும். முன்பக்க ஆறு ஸ்க்ரூவில் வெளி இரண்டு மட்டும் ப்ரிட்ஜைத் தொட்டு நிற்கட்டும், நடு நாலும் அரைச் சுற்று மேலே. ஆறும் இறுகியிருந்தால் ப்ரிட்ஜ் திரும்பும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும்.

ஹம்பக்கருக்கு வருகிறேன். கட்டாயம் மாற்ற வேண்டியது எது என்று கேட்டீர்களே, இது ஒன்றுதான். ஸ்ட்ராட்டில் கிப்சன் பிக்கப்பை இறக்கியதுதான் அந்தக் கிட்டாரின் ஆதாரமே. கொஞ்சம் குறைபாடு உள்ளதென்று ஒதுக்கிய உடம்பை 50 டாலருக்கும், நெக்கை 80 டாலருக்கும் வாங்கி, கிப்சன் ஈ.எஸ்.335இலிருந்து கழற்றிய பிக்கப்பை மரத்திலேயே ஸ்க்ரூ வைத்து முடுக்கினார். அதைச் சாய்வாக வைத்ததற்கும் காரணம் உண்டு. கிப்சன் பிக்கப்பின் கம்பங்கள் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் அடியில் நிற்பவை) முதலிலிருந்து கடைசி வரை சுமார் 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் ப்ரிட்ஜில் ஸ்ட்ரிங் அகலம் அதைவிட அதிகம். நேராக வைத்தால் ஓர ஸ்ட்ரிங்குகள் கம்பத்தை விட்டு விலகிச் சத்தம் மெலியும்.

வயரிங் இதைவிட எளிமையாக முடியாது: பிக்கப், ஒரு 500 கே (கிலோ ஓம்) வால்யூம் பாட் (திருகும் மின்தடை), ஜாக். டோன் கன்ட்ரோல் கிடையாது. சிங்கிள் காயிலுக்குப் போட்ட பழைய 250 கே பாட்டையே வைத்தால் ட்ரெபிள் மங்கும். பாட்டின் முதுகிலும் ப்ரிட்ஜிலும் எர்த் சேர்க்க மறந்தால் கை எடுத்ததும் ஹம் வரும்.

வீலென்று கத்துவது, காயிலின் சுற்றுகள் தளர்ந்து சத்தத்தில் தாங்களே அதிர்வதால். அதற்கு மருந்து, மெழுகு. எடியும் பாரஃபினில் முக்கித்தான் சரி செய்தார். பிடிபடும்வரை சில பிக்கப்புகளை உருக்கிப் பாழாக்கியும் இருக்கிறார். பிழை நடப்பது சூட்டில்தான். 400 கிராம் பாரஃபின், 100 கிராம் தேன்மெழுகு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சின்ன டப்பாவில் மெழுகு. அடுப்பு நெருப்பில் மெழுகை நேராக வைக்கவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும். மெழுகுக்குள்ளேயே தெர்மாமீட்டர் நிற்கட்டும்: 60 முதல் 65 டிகிரி. 70ஐத் தாண்டினால் கம்பி சுற்றிய பிளாஸ்டிக் பாபின் கோணி, பிக்கப் முடிந்தது. உலோக மூடி இருந்தால் கழற்றிவிட்டு, கேபிளைப் பிடித்துத் தொங்கவிட்டு முக்குங்கள், டப்பாவின் அடியில் படக் கூடாது. பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி வரும். அது நின்ற பிறகு ஐந்து நிமிடம். மொத்தம் 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். எடுத்து, மேல்மெழுகைத் துணியால் துடைத்து, ஆறும்வரை எதையும் அசைக்காதீர்கள். முன்னும் பின்னும் மல்டிமீட்டரில் ஓம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிஏஎஃப் (பழைய கிப்சன் ஹம்பக்கர்) வகை என்றால் 7 முதல் 8.5 கிலோ ஓம். முக்கிய பிறகு எல்லையில்லா ஓம் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது.

உடம்பில் ஹம்பக்கர் அளவுக்குக் குழி இல்லையென்றால் நாலு வாரத்தில் மரத்தைக் குடையாதீர்கள். சிங்கிள் காயில் அளவிலேயே ரயில் வகை ஹம்பக்கர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

யாராவது அந்தக் கோடு போட்ட பெயின்ட்டையும் போட ஆசைப்பட்டால் வரிசை இது: முதலில் கறுப்பு, காய்ந்ததும் டேப், மேலே வெள்ளை. முதல் ஆல்பத்துக் கிட்டார் இத்தோடு சரி, டேப்பைப் பிரித்தால் கறுப்பு வெள்ளை. சிவப்பு 1979இல், சைக்கிள் பெயின்ட்டில், மறுபடி டேப் ஒட்டி மேலே அடித்தது. கெட்டுப்போவது இரண்டு இடத்தில். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடித்தளம் சுருங்கிக் கொப்புளிக்கும், எல்லா அடுக்கும் ஒரே வகைப் பெயின்ட்டாக இருக்கட்டும். டேப்பை முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும். தொட்டால் ஒட்டாத, ஆனால் நகம் பதியும் பதத்தில், 45 டிகிரியில் மெதுவாக இழுக்க வேண்டும்.

---

தெற்குவாசல் | அக்டோபர் 12, 2020

எல்லாரும் டேப்பிங்கிலேயே நிற்கிறீர்கள். அஞ்சலி என்றால் அவர் முழுசாக யார் என்பதும் வர வேண்டும். ஒரு ரிதம் பகுதியாவது சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் 1955இல் பிறந்து, 1962இல் அமெரிக்கா வந்த குடும்பம். அப்பா யான் கிளாரினெட், சாக்ஸபோன் வாசித்தவர், அம்மா யூஜீனியா இந்தோனேசியாவில் பிறந்தவர். வீட்டில் முதலில் டிரம்ஸ் எடிக்கு, கிட்டார் அண்ணன் அலெக்ஸுக்கு. தம்பி இல்லாத நேரத்தில் அண்ணன் டிரம்ஸை எடுத்து அடித்து முந்திவிட, இருவரும் மாற்றிக்கொண்டார்கள். கிட்டார் வாசிக்கும் கையில் ஒரு டிரம்மர் இருந்ததற்குக் காரணம் அது. அவருடைய ரிதம் மெட்ரோனோமோடு ஒட்டாது, அலெக்ஸின் ஸ்னேரோடு ஒட்டும். கொஞ்சம் முன்னே தாவி, கொஞ்சம் பின்னே சாய்ந்து. முதல் ஆல்பத்தில் ரிதம் கிட்டாரைப் பெரும்பாலும் இரட்டிப்புப் பதிவு செய்யாததால் அந்த ஊசலாட்டம் மறையாமல் கேட்கிறது. நீங்களும் ஒரே டேக்கில், ஒரே கிட்டாரில் பதியுங்கள். இரண்டு முறை அடுக்கினால் சத்தம் பெரிதாகும், ஊசலாட்டம் செத்துப்போகும்.

நம்மில் எத்தனையோ பேருக்கு அவர் பெயர் தெரிவதற்கு முன்பே அவர் கிட்டார் தெரியும், மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' கேசட் வழியாக. அந்த சோலோவுக்கு அவர் பணம் வாங்கவில்லை. கிட்டாரே வாசிக்காத உறுப்பினர்கள்கூடக் கலந்துகொள்ள அது நல்ல வாசல். கீபோர்ட் வாசிப்பவர் இருந்தால் வான் ஹேலன் குழுவின் 'ஜம்ப்' பாட்டைக் கொடுங்கள்: சா டூத் அலை இரண்டு, ஒன்றை மட்டும் சில சென்ட் (துளியூண்டு) சுருதி பிறழ்த்தி, ஃபில்டரை நன்றாகத் திறந்து, கீழே சி ஸ்வரம் நிற்க மேலே கார்டுகள் நகரட்டும். அதன் மூல ஓசை ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ சின்தசைசர்.

பாசடீனாவில் அவர் வளர்ந்த வீட்டு வாசலில் ரசிகர்கள் பூ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆலன் அவென்யூவும் வில்லா தெருவும் சேரும் முனையில், சிமென்ட் ஈரமாக இருந்த காலத்தில் நடைபாதையில் கீறிய 'வான் ஹேலன்' எழுத்தைச் சுற்றியும் பூவும் பிக்குகளும். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு 2004 டிசம்பர்தான் ஞாபகம் வருகிறது. மெட்டல் கிட்டார்காரர் டைம்பேக் டாரல் மேடையிலேயே சுடப்பட்டு இறந்தபோது, இரண்டாவது ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்த மஞ்சள் கறுப்புக் கிட்டாரை, நகல் அல்ல, அசலையே, எடி கொண்டுபோய் அவர் சவப்பெட்டியில் வைத்தார். இன்னொரு கிட்டார்காரருக்கு அவர் செலுத்திய மரியாதை அது. முப்பதாம் நாளில் இதை ஒருவர் நாலு வரி பேசினாலே போதும்.

---

கீழ்ஸ்தாயி | அக்டோபர் 12, 2020

படித்ததும் கண் கலங்கிவிட்டது. டைம்பேக் செய்தியைப் பேச ஒருவர் ஒத்துக்கொண்டார், 'ஜம்ப்' கீபோர்டுக்கும் ஆள் கிடைத்தாயிற்று.

மிச்சம் இரண்டு: பேசர் (ஓசையைச் சுழல வைக்கும் எஃபெக்ட்), எக்கோ எப்படி வைப்பது? ஜூமில் சோதித்தபோது நீண்ட ஸ்வரம் எல்லாம் பாதியில் அறுந்துபோகிறது, இன்டர்நெட் பிரச்சினையா?

---

மிக்சர்_மேசை | அக்டோபர் 12, 2020

இன்டர்நெட் இல்லை. ஜூம் உங்கள் கிட்டாரை இரைச்சல் என்று நினைத்து அமுக்குகிறது. பேச்சுக்காகவே கட்டிய வடிகட்டி அது; மாறாமல் நீளும் ஓசை எதைக் கேட்டாலும் ஃபேன் சத்தம் என்று வெட்டிவிடும். கம்ப்யூட்டர் செயலியில் ஆடியோ செட்டிங்ஸ் போய் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கி, கூட்டம் தொடங்கிய பிறகு திரையின் மேல் இடது மூலையில் அந்தப் பட்டனையும் அழுத்த வேண்டும். பலர் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். மைக் அளவைத் தானே சரிசெய்யும் டிக்கையும் எடுங்கள், இல்லாவிட்டால் முதல் பவர் கார்டில் அளவை இறக்கிவிட்டு டேப்பிங் முழுக்கக் கிசுகிசுக்கும். எக்கோ கேன்சலேஷனை நிறுத்தினால் எல்லாரும் ஹெட்ஃபோன் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் எதிரொலி சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஜூமில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க முடியாது, தாமதம் இடம் கொடுக்காது. 'எரப்ஷன்' தனிக் கிட்டார் என்பதால் நேரலையில் போகலாம். 'ஜம்ப்' போன்றவற்றை அவரவர் ஒரே க்ளிக்குக்கு (மெட்ரோனோம் தட்டுக்கு) பதிந்து அனுப்ப, ஒருவர் சேர்த்துக் கோப்பாக ஓட்டுங்கள். திரையைப் பகிரும்போது கம்ப்யூட்டர் சத்தத்தையும் பகிரும் டிக் இல்லையென்றால் படம் மட்டும் ஓடும்.

பேசர் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 வகை. குமிழ் ஒன்றே ஒன்று, கடிகாரத்தில் 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். சுழற்சி தெரியவே கூடாது, ஓசையின் மேல்பகுதி மெல்ல நகர்வது மட்டும் தெரிய வேண்டும். இடம் ஆம்புக்கு முன்னால். பின்னால் வைத்தால் ஜெட் விமானம் போல இரைந்து டேப்பிங்கை விழுங்கிவிடும்.

எக்கோ கடைசியில்தான் வேலை செய்யும். பார் அழுந்தி ஆறாம் ஸ்ட்ரிங் கீழே போகும் இடத்தில் எடி பயன்படுத்தியது யூனிவாக்ஸ் ஈசி-80 டேப் எக்கோ, ஒரு பழைய பயிற்சிக் குண்டின் ஓட்டுக்குள் அடைத்து வைத்திருந்தார். சிமுலேட்டரில் டேப் டிலே ஒன்றை ஆம்புக்கு முன்னால் போட்டு, டைம் 400 மில்லிசெகண்டில் தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள், ரிபீட் பாதிக்கு மேல். அதுவரை அணைத்து வையுங்கள். வாசிக்கும்போதே காலால் போட ஃபுட் ஸ்விட்ச் இல்லையென்றால் இரண்டாவது ட்ராக்கில் டிலேயோடு ஒரு ப்ரீசெட் வைத்து, பாரைத் தொடும் முன் உள்ள இடைவெளியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாம்ஸ்ட்ரிங் சொன்ன இடது வலது பிரிப்பையும் செய்யுங்கள்: கிட்டார் ட்ராக் இடது பக்கம், அதிலிருந்து ஒரு கிளை (சென்ட்), அதில் ப்ளேட் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) நூறு சதவீதம், வலது பக்கம். ஆனால் ஜூம் வழக்கமாக மோனோவில்தான் அனுப்பும். ஒரிஜினல் சவுண்ட் பகுதியிலேயே ஸ்டீரியோ டிக் தனியாக இருக்கிறது, அதைப் போட்டு இன்னொரு வீட்டில் ஒருவரை ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்பவர்கள் அதிகம் என்றால் ஸ்டீரியோவை விட்டு, ரிவெர்பைப் பாதியாக்கி நடுவில் வையுங்கள்.